இருமல் சிரப்பும் தூக்க மாத்திரையும் சேர்ந்தால்?

கேள்வி: எனக்கு வயது 61. வறட்டு இருமலுக்குக் கோடீனும் குளோர்பெனிரமைனும் கலந்த சிரப்பை, வேளைக்கு 5 மி.லி. வீதம் மூன்று வேளை குடிக்கச் சொன்னார் மருத்துவர். நான்கு நாளாகப் பகலிலும் தூக்கம் சொக்குகிறது, மலச்சிக்கல் வேறு. இரவில் தூக்கத்துக்கு வழக்கமாக அல்பிரஸோலாம் 0.5 மி.கி. போடுவேன். ரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில் சாப்பிடுகிறேன். 9 வயதுப் பேரனுக்கும் இருமல். இந்தச் சிரப்பில் பாதி அளவு கொடுக்கலாமா?

பதில்: பேரனுக்கு ஒரு சொட்டுகூட வேண்டாம். கோடீன் கல்லீரலுக்குப் போய் ஓரளவு மார்ஃபின் என்ற வலுவான அபின் வகை மருந்தாக மாறுகிறது. சிலருக்குப் பிறவியிலேயே இந்த மாற்றம் மிக வேகமாக நடக்கும்; அவர்களுக்குச் சாதாரண அளவே மூச்சை அடக்கிவிடும். பார்த்தால் யாருக்கு இந்தத் தன்மை என்று தெரியாது. அதனால்தான் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018இல், கோடீன் கலந்த இருமல் மருந்துகள் 18 வயதுக்குக் கீழே கூடாது என்றது. பாலூட்டும் தாய்மாரும் தவிர்க்க வேண்டும். பேரனுக்கு இரைப்போ காய்ச்சலோ இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

உங்கள் விஷயத்தில் மலச்சிக்கலைவிட அந்தத் தூக்கம்தான் எனக்குக் கவலை. கோடீன், ஒவ்வாமை மருந்தான குளோர்பெனிரமைன், அல்பிரஸோலாம் மூன்றுமே மூளையை மந்தமாக்குபவை. கோடீனோடு அல்பிரஸோலாம் சேரும்போது உறக்கத்திலேயே மூச்சு குறையலாம். சிரப்பை இன்றே நிறுத்திவிட்டு, எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் பேசுங்கள். தூக்க மாத்திரை பற்றி அவரிடம் சொன்னீர்களா? ஆனால் நெடுநாள் போட்டுவந்த அல்பிரஸோலாமைத் திடீரென நிறுத்தாதீர்கள், வலிப்பு வரலாம். மயக்கம் தெளியும்வரை வண்டி ஓட்ட வேண்டாம், மதுவும் கூடாது. எழுப்பியும் எழாமல் கிடந்தால், மூச்சு மெதுவானால், உதடு நீலம் பாய்ந்தால் வீட்டார் உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டு போக வேண்டும், மருந்துப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு.

இன்னொன்று, ராமிப்ரில். தொண்டையில் கிச்சுக்கிச்சு மூட்டுவது போன்ற சளியில்லா இருமலை இவ்வகை மாத்திரைகளே உண்டாக்கும். தொடங்கிச் சில மாதம் கழித்தும் வரலாம். காரணம் அதுவென்றால் எந்தச் சிரப்பும் வீண். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேளுங்கள். டெல்மிசார்டன், லோசார்டன் போன்ற வேறு வகை ரத்த அழுத்த மாத்திரைக்கு மாற்றினால் பெரும்பாலும் 1 முதல் 4 வாரத்தில் இருமல் அடங்கும், சிலருக்கு மூன்று மாதம்வரை இழுக்கும்.

மலச்சிக்கல் கோடீனால் வந்தது, நிறுத்தினால் சில நாளில் சரியாகும். சிறுநீர் தடைப்பட்டாலோ, புராஸ்டேட் வீக்கம், கண் அழுத்த நோய் இருந்தாலோ குளோர்பெனிரமைன் உங்களுக்கு ஆகாது.

வேறு சிரப் எழுதித் தந்தால் உள்ளே என்ன மருந்து என்று பாருங்கள். இருமலை அடக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் இருந்து, நீங்கள் மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவரானால், இரண்டும் சேர்ந்து நடுக்கம், வியர்வை, படபடப்பு தரலாம், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சளியோடு வரும் இருமலை அடக்கக் கூடாது. சளி உள்ளேயே தங்கிவிடும். அளப்பதற்குப் பாட்டிலோடு வந்த மூடியே சரி, வீட்டு ஸ்பூன் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு. இரண்டு வாரம் தாண்டியும் இருமினால், சளியில் ரத்தம் தெரிந்தால், எடை குறைந்தால் மார்பு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் அவசியம்.