இருந்தபோது நெய்தது – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

நான் காட்பாடியில் இருக்கிறேன். பெயர் போட வேண்டாம். போன வருஷம் ஆடி மாதம் என் தம்பி பள்ளிகொண்டா பக்கம் பைபாஸில் பைக்கில் போகும்போது லாரி இடித்து இறந்துவிட்டான். வயது 19. வீட்டில் எல்லாரும் கதறினார்கள். எனக்கு மட்டும் கண்ணீர் வரவில்லை. போஸ்ட்மார்ட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டது, ஐஸ் பெட்டிக்குச் சொன்னது, வந்தவர்களுக்கு டீ வாங்கியது எல்லாம் நான்தான். தெருமுனை வரைக்கும் பாடை பின்னாலேயே போனேன். அதற்கு மேல் பொம்பளைங்க வரக்கூடாது என்று அத்தை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். பாலாற்றங்கரையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

மூன்று மாதம் கழித்து, கூடப் படித்த தோழி ஒருத்தி நிக் கேவ் என்கிற ராக் பாடகரின் 'ஸ்கெலிட்டன் ட்ரீ' ஆல்பத்தை அனுப்பினாள். மகனைப் பறிகொடுத்த தகப்பன் பாடியது என்றாள். முதல் பாட்டே ஒருவன் வானத்திலிருந்து விழுந்து ஆற்றோரம் ஒரு வயலில் கிடப்பதில் தொடங்குகிறது. மொட்டை மாடியில் தனியாக உட்கார்ந்து அழுதேன், விடிய விடிய. வார்த்தைகளில் பாதிதான் புரிந்தது. அதற்குப் பிறகு தினமும் கேட்டேன். மாமா பையன் "இதைக் கேட்டுக் கேட்டுத்தான் நீ இப்படி ஆயிட்ட, அழிச்சிடு" என்றான். வேலை செய்யும் இடத்தில் ஒரு அக்கா, "செத்த பிள்ளையை வச்சு பாட்டு வித்துட்டாரா?" என்று கேட்டார். எங்கள் அம்மா ஒரு நாள் துணி எடுக்க மாடிக்கு வந்தவர் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, "யாருடி பூட்டாங்க இவருக்கு?" என்றார். நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

போன வாரம்தான் தெரிந்தது, அந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவை மகன் இறப்பதற்கு முன்பே எழுதியவையாம். ஏமாந்துபோன மாதிரி இருக்கிறது. அப்படியென்றால் நான் எதைக் கேட்டு அழுதேன்? சொந்த வீட்டு ஒப்பாரிக்கு அழாதவள், யாரோ ஒருவர் வேறு எதற்கோ எழுதிய இங்கிலீஷ் பாட்டுக்கு அழுதது பொய்யா?

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்து நான்கு நாளாகிறது. படித்த அன்றே எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. தம்பியை நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் தகவலைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தெரிந்துகொண்டது சரி. அந்த ஆல்பத்தின் வேலை 2014 கடைசியில் இங்கிலாந்தில் பிரைட்டன் நகரத்தில் தொடங்கியது. 2015 ஜூலையில் நிக் கேவின் மகன் ஆர்தர் அதே ஊருக்குப் பக்கத்தில் கடலோரச் செங்குத்துப் பாறையிலிருந்து விழுந்து இறந்தான். அவனுக்கு 15 வயது. அதற்குள் பாட்டுகளில் பெரும்பகுதி எழுதியாகிவிட்டது. சில மாதம் கழித்து பாரிஸுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் மறுபடி உட்கார்ந்தார்கள். அங்கங்கே வரிகளை மாற்றினார். 2016 செப்டம்பரில் எட்டுப் பாட்டோடு ஆல்பம் வெளிவந்தது. பேட்டி கேட்பவர்களுக்கு முன்னால் உட்கார்ந்து மகன் சாவைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேச முடியாது என்று, அதற்குப் பதிலாக ஒரு ஆவணப்படம் எடுக்க வைத்தார். ஆல்பத்துக்கு முந்தின நாள் அது தியேட்டர்களில் ஓடியது. ஆகவே உலகம் முழுக்கக் கேட்டவர்களில் நிறையப் பேர் உங்களைப் போல விஷயம் தெரிந்துதான் கேட்டார்கள். நீங்கள் சொல்கிற அந்த முதல் பாட்டு, ஆல்பத்துக்காக முதலில் எழுதியவற்றில் ஒன்று. அதில் வருகிற அடூர் ஆறு பிரைட்டனுக்குப் பக்கத்தில் கடலில் கலப்பது. விழுகிறவன் ஆர்தர்தான் என்று கேட்டவர்களில் பலர் நம்பினார்கள். எழுதும்போது ஆர்தர் இருந்தான்.

இப்போது எங்கள் வீட்டு விஷயம் ஒன்று.

நாங்கள் குடியாத்தம். அப்பா கைலி நெய்தவர். வீட்டின் முன்பக்கம் முழுக்க ஒரே ஒரு குழித்தறி, மீதி இடத்தில்தான் நாங்கள் இருந்தோம். காலையில் தறிச் சத்தத்தில்தான் எழுந்திருப்பேன். பள்ளிக்கூடம் போகும்முன் ஊடைக்கான குறுக்கு நூலைத் தாராகச் சுற்றிக் கொடுப்பது என் வேலை. 1994இல், எனக்கு 14 வயதில், மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்த அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தறிக்குழி ஓரத்திலேயே உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை. தறியில் இரண்டு முழம் நெய்த ஒரு கைலி நின்றது. கரும்பச்சையில் வெள்ளைக் கட்டம். ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா, பலகை மேலேயே கிடந்தது.

பதினாறு நாள் அதை யாரும் தொடவில்லை. அம்மா தினமும் அதன் மேல் ஒரு பழைய வேட்டியைப் போர்த்துவார், சாயங்காலம் எடுப்பார். காரியம் முடிந்த மறுநாள் நெய்யப் பாவு நூல் கொடுத்த முதலாளி ஆள் அனுப்பினார். சித்தப்பா வந்து குழியில் இறங்கினார். அவரும் நல்ல நெசவுக்காரர்தான். ஆனால் அப்பாவின் அடி அழுத்தமானது. பலகையை ஒரு முறை இழுத்தால் ஊடை போய் அப்படியே ஒட்டிக்கொள்ளும். சித்தப்பாவுடையது இளக்கமான அடி. அன்று சாயங்காலம் அந்தக் கைலியை வெட்டி எடுத்து மடிக்கும்போது அம்மா வாங்கித் தரையில் விரித்தார். கட்டை விரலால் தடவிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. "இங்க வரைக்கும் அவரு" என்றார். நான் குனிந்து பார்த்தேன். என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஒரே கட்டம், ஒரே கரை. விரலை வைத்துப் பார்த்தபோது தெரிந்தது.

அந்தக் கைலியை முதலாளியிடம் கேட்டு, கூலியில் கழித்துக்கொள்ளச் சொல்லி அம்மா வாங்கிக்கொண்டார். இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. வருஷத் திதிக்கு எடுத்து வைப்பார். இத்தனை வருஷத்தில் நான் கவனித்தது, அம்மா தடவுவது முதல் இரண்டு முழத்தைத்தான். சித்தப்பா நெய்த பாகம், அதாவது சாவுக்குப் பிறகு, துக்கத்தோடு, அழுத கண்ணோடு நெய்தது, அது வெறும் துணியாகவே கிடக்கும். அப்பா நெய்த பாகத்தில் துக்கம் ஒரு இழைகூடக் கிடையாது. மத்தியானம் என்ன குழம்பு என்று உள்ளே குரல் கொடுத்துக்கொண்டே நெய்தது. அதைத் தொட்டுத்தான் அம்மா அழுவார்.

தங்கையே, இதனால்தான் நீங்கள் ஏமாறவில்லை என்கிறேன். மகன் இருக்கும்போது எழுதிய பாட்டு என்பதால் அது துக்கத்துக்கு வெளியே போய்விடாது. என்னைக் கேட்டால் அதுதான் தாங்க முடியாத பாகம். அந்த முதல் பாட்டை அவர் மறுபடி ஸ்டுடியோவில் கேட்டிருப்பார் இல்லையா? பையன் வீட்டில் நடமாடிக்கொண்டிருந்தபோது தான் எழுதிய, விழுகிற ஒருவனைப் பற்றிய வரியை, பையன் விழுந்த பிறகு ஒரு தகப்பன் கேட்பது. நீங்கள் மாடியில் உட்கார்ந்து கேட்டதும் அதைத்தான். உங்கள் தம்பியின் போனில் அவன் கடைசியாகப் பேசி அனுப்பிய ஏதாவது சாதாரண விஷயம் இருக்கும். பால் வாங்கிட்டு வரவா என்று கேட்டது. அதை உங்களால் இன்று கேட்க முடியுமா?

பாட்டுக்கும் தறிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நெய்ததற்குள் திரும்பப் போக முடியாது. பாட்டில் முடியும், அவர் போயிருக்கிறார், வரிகளைத் தொட்டிருக்கிறார். அதனால் எது முன்பு, எது பின்பு என்று அந்த ஆல்பத்தில் விரல் வைத்துச் சொல்வது கஷ்டம். ஆனால் அதில் ஒரு சாவு இருப்பதை உங்கள் அம்மா சொல்லிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். இங்கிலீஷ் தெரியாது, ஆளைத் தெரியாது, துணி எடுக்க வந்த இடத்தில் குரலை மட்டும் கேட்டு "யாரு பூட்டாங்க" என்று கேட்டாரே.

வேலூரில் மைக் செட் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாவற்றுக்கும் பாக்ஸ் கட்டியவர். கொஞ்ச வருஷம் முன்பு இந்த ஆல்பத்தை அவர் கடையில் வைத்துப் போட்டேன். ராக் என்றதும் அடியும் கிட்டாரும் எதிர்பார்த்தார். மூன்றாவது பாட்டு வரைக்கும் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "டிரம்ஸ்காரரு எழவு வீட்டுக்கு வந்த ஆளு மாதிரி வாசல்லயே நிக்கிறாருங்க. உள்ள வர மாட்டேன்றாரு." இதைவிடச் சரியாக அந்த இசையைப் பற்றி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தாளம் இருக்கிறது, ஆனால் பிடித்துக்கொள்ளக் கிடைக்காது. சின்தசைசர் ஒரே சுருதியில் ரீங்கரித்துக்கொண்டே இருக்கும். அதன் மேல் அவர் பாதி பேச்சாகச் சொல்லிக்கொண்டு போவார். ஆறாவது பாட்டில் குரல் தட்டுத் தடுமாறுகிறது, அதைத் திருத்தாமல் விட்டிருக்கிறார்கள்.

செத்த பிள்ளையை வைத்து விற்றாரா என்று கேட்ட அக்காவின் மேல் எனக்குக் கோபமில்லை. அந்தக் கேள்வியைப் பாடுகிறவர்களே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் மவுண்ட் ஈரி என்ற பெயரில் பாடும் பில் எல்வரம், மனைவி 2016 ஜூலையில் புற்றுநோயில் இறந்த பிறகு, அவர் இறந்த அதே அறையில், பெரும்பாலும் அவருடைய வாத்தியங்களையே வைத்து ஒரு ஆல்பம் பதிவு செய்தார். அதன் முதல் பாட்டே, சாவு நிஜம், அது கலையாக்குவதற்கான பொருள் இல்லை என்கிறது. சொல்லிவிட்டுப் பாடுகிறார். வேறு என்ன செய்வார்? அம்மாவின் கைலிக்குக் கழித்தது போக மீதிக் கூலி வந்தது, அந்தக் கூலியில் எங்கள் வீட்டுக்கு அரிசி வந்தது.

ஒப்பாரிக்கு வருகிறேன். அப்பா இறந்த அன்று பேரணாம்பட்டிலிருந்து வந்த அத்தை, வாசலிலேயே மாரில் அடித்துக்கொண்டு உள்ளே வந்தார். பெண்கள் தோளோடு தோள் கட்டி வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அத்தை தொடங்கினார். "தங்கத்தால தறி போட்டு, தாரு சுத்த ஆள் போட்டு" என்று அப்பாவைத்தான் பாடினார். நாலைந்து வரி போயிருக்காது, தன் மூத்த மகளுக்குப் போய்விட்டார். அந்தப் பெண் பல வருஷம் முன்பே மஞ்சள் காமாலையில் போனவள். யாரும் அத்தையைத் தடுக்கவில்லை. பக்கத்தில் இருந்த பெரியம்மா தன் புருஷனுக்குப் போனார். அப்படி ஆளாளுக்கு ஒரு சாவு இருந்தது. எங்கள் அப்பா நடுவில் படுத்திருந்தார்.

எங்கள் பக்கத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்து முடிகிற அன்று படுகளம் நடக்கும். மண்ணால் பெரிய துரியோதனனைப் படுக்க வைத்திருப்பார்கள். காந்தாரி வந்து ஒப்பாரி வைப்பாள். துரியோதனன் யாருக்கு வேண்டியவன்? ஆனால் அந்த நேரத்தில் கூட்டத்தில் பெண்கள் உடைந்து அழுவதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அப்பா போன அடுத்த வருஷம் அம்மா அங்கே அழுதார். காந்தாரியின் பாட்டு எங்கள் அப்பாவுக்காகக் கட்டியதில்லை என்று அம்மாவுக்குத் தெரியாதா?

உங்கள் வீட்டு ஒப்பாரியில் உங்களுக்கு அழுகை வராததற்கு நான் காரணம் சொல்லத் தேவையில்லை, நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்து, ஐஸ் பெட்டி, டீ. அந்த வட்டத்தில் உட்கார உங்களுக்கு யாரும் இடம் விடவில்லை. உட்காரும் நேரம் வந்தபோது தெருமுனையில் கையைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். மூன்று மாதம் கழித்து மாடியில் அந்தப் பாட்டோடு நீங்கள் பாலாற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தீர்கள். இதில் எது பொய்?

மாமா பையன் பயப்படுவது உங்கள் மேலுள்ள அக்கறையால்தான். தூக்கம், சாப்பாடு, வேலை எல்லாம் கெடும்படி ஆனால் அவன் சொல்வதைக் கேளுங்கள், ஒரு மருத்துவரையும் பாருங்கள். அழிக்க வேண்டியதில்லை. தினமும் கேட்பதை வாரம் ஒரு நாள் என்று ஆக்கிப் பாருங்கள்.

இன்னொன்று. அம்மா கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்லிவிடுங்கள். 15 வயசுப் பையன், தவறி விழுந்துட்டான் என்று சொல்லுங்கள். பிறகு ஏழாவது பாட்டைப் போடுங்கள். அதுவரை ஆல்பம் முழுக்க அவர் குரல்தான் முன்னால் நிற்கும். அந்தப் பாட்டில் அவர் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ள, எல்சே டோர்ப் என்ற டென்மார்க்குப் பாடகி எடுத்துப் பாடுவார். வட்டத்தில் ஒருத்திக்குத் தொண்டை அடைத்துக்கொண்டால் பக்கத்தில் இருப்பவள் பாட்டின் அடியை வாங்கிப் பாடுவாளே, அப்படி. உங்கள் அம்மாவுக்கு அது உடனே தெரியும். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்