தோற்றுப்போன மீனுக்கு ஓட இடம் வேண்டும்

கேள்வி: வணக்கம் ஐயா. கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். கூடத்தில் மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு மீன் தொட்டி வைத்திருக்கிறோம். ஏஞ்சல் 4, டைகர் பார்ப் 5, நியான் டெட்ரா 10, ஆண் சண்டை மீன் 1, கண்ணாடியைத் துடைக்க ஒரு பண்டாராயா மீன். எல்லாமே கம்யூனிட்டி மீன்கள், ஒன்றாக விடலாம் என்று கடைக்காரர் சொல்லித்தான் வாங்கினோம். மூன்று மாதம் அமைதியாக இருந்தது. இப்போது நியான் ஆறுதான் இருக்கிறது, செத்த மீன் எதையும் கண்ணால் காணவில்லை. சண்டை மீனின் வால் கந்தலாகிவிட்டது. கொஞ்ச நாளாக இரண்டு ஏஞ்சல்கள் ஃபில்டர் குழாய் பக்கம் யாரையும் விடுவதில்லை. மற்ற இரண்டும் மேல் மூலையில் ஒடுங்கி நிற்கின்றன, சரியாகத் தின்பதில்லை. அதில் ஒன்றின் விலாவில் சுரண்டியது போல வெள்ளையாக இருக்கிறது. உப்புப் போட்டேன். இரண்டு நாளைக்கு ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றுகிறேன். குறையவில்லை. எந்த மீனை எடுப்பது? மகன் குட்டி லோஹான் (ஃபிளவர்ஹார்ன்) மீன் ஒன்று கேட்கிறான். சின்னதாக இருக்கும்போதே விட்டால் பழகிவிடும் என்கிறான். பழகுமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். லோஹான் வேண்டாம். காரணம் பிறகு. உள்ளே இருப்பவர்களின் வழக்கு அதைவிட அவசரம்.

ஒரே தகராறு என்று நினைத்து நீங்கள் எழுதியிருப்பது உண்மையில் நான்கு தகராறு. நியான் காணாமல் போவது, சண்டை மீனின் வால், குழாயைக் காக்கும் ஜோடி, விலாவில் வெள்ளைத் தடம். நான்கிலும் ஆள் வேறு, காரணம் வேறு. 'இது முரடு, அது சாது' என்று கடையில் சொல்லும் வகைப்பாட்டை வைத்து ஏதோ ஒரு மீனைத் தூக்கினால் ஒன்று தீரும், மூன்று அப்படியே நிற்கும். அதனால் இரண்டு விஷயத்தைப் பாருங்கள். விரட்டுகிற மீன் எதைக் காக்கிறது? விரட்டுப்பட்ட மீனுக்கு ஓடி ஒளிய இடம் எங்கே?

இரண்டாவதைத்தான் பலர் பார்ப்பதில்லை. ஆற்றிலும் மீன்கள் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டுதான் இருக்கும். துடுப்பை விரிக்கும், பக்கவாட்டில் நின்று உடம்பைப் பெரிதாகக் காட்டும், வாயோடு வாய் கவ்வி இழுத்துப் பார்க்கும். தோற்றது கொஞ்ச தூரம் விலகிப் போனதும் விஷயம் முடிந்தது. மூன்றடித் தொட்டியில் தோற்றது எவ்வளவு ஓடினாலும் ஜெயித்ததின் கண் முன்னால்தான் நிற்க வேண்டும். இன்னும் போகவில்லையே என்று அது மறுபடியும் அடிக்கும். இப்படியே நாள் முழுக்க நடந்தால் அடிபட்ட மீன் தின்பதை நிறுத்தும், நிறம் மங்கும், துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொள்ளும், மேல் மூலையில் அசையாமல் நிற்கும். உங்கள் இரண்டு ஏஞ்சல்களும் இப்போது இருப்பது அந்த நிலையில்தான். துடுப்பு விரிப்பதையும் முட்டிக்கொள்வதையும் பார்த்துப் பதற வேண்டியதில்லை. மூலையில் நிற்கும் மீனைப் பார்த்துத்தான் பதற வேண்டும்.

நியான் விஷயத்தில் பகை என்று எதுவும் இல்லை. ஏஞ்சலுக்கு அது தீனி. நியான் 3 சென்டிமீட்டர் அளவோடு நின்றுவிடும். ஏஞ்சல் வாங்கும்போது சின்னதாக இருந்தாலும் உடல் 15 சென்டிமீட்டர் வரை வளரும், வாயும் சேர்ந்து வளரும். மூன்று மாத அமைதிக்குக் காரணம் நட்பு இல்லை, வாய் இன்னும் போதவில்லை, அவ்வளவுதான். விளக்கணைந்த பிறகோ விடியற்காலையிலோ விழுங்கியிருக்கும். அதனால்தான் உங்களுக்குச் செத்த மீன் கிடைக்கவில்லை. இரண்டுமே அமேசான் படுகை மீன்கள், அதனால் சேர்த்து வைக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. தண்ணீர் ஒத்துப்போகும் என்பது சரி. அங்கேயும் ஏஞ்சல் வாய்க்கு அடங்கும் சின்ன மீனைத் தின்னத்தான் செய்யும். மீதி ஆறையும் வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். ஏஞ்சலோடு கூட்டமாக நீந்த மீன் வேண்டுமென்றால் நம் ஊர் ஹார்லிகுவின் ரஸ்போரா இருக்கிறது. தீபகற்ப மலேசியாவின் காட்டு ஓடைகளில் வாழ்கிற மீன், 5 சென்டிமீட்டர் வரை வளரும், உடம்பு நியானைவிட அகலம். குட்டியாக வாங்காமல் வளர்ந்ததாகப் பத்து வாங்குங்கள்.

குழாயைக் காக்கும் இரண்டும் ஜோடி சேர்ந்துவிட்டன. ஏஞ்சல் செங்குத்தான பரப்பில் முட்டையிடும். அகலமான இலை, கண்ணாடி, ஃபில்டர் குழாய் எதுவானாலும் சரி. முதலில் அந்த இடத்தை வாயால் சுத்தம் செய்யும், பிறகு வரிசை வரிசையாக முட்டை ஒட்டும். நம் ஊர் வெப்பத்தில் இரண்டு மூன்று நாளில் பொரியும், இன்னும் ஐந்தாறு நாளில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும். அதுவரை தாயும் தகப்பனும் கிட்டே வருகிற எதையும் விடாது, உங்கள் விரலையும் சேர்த்துத்தான். இது முரட்டுக் குணம் இல்லை, பிள்ளை காப்பது. முட்டை பூஞ்சை பிடித்துப் போனாலோ அவையே தின்றுவிட்டாலோ பத்துப் பதினைந்து நாளில் மறுபடி இடும். தானாக அடங்கும் என்று காத்திருக்க வேண்டாம். (இரண்டு பெண் ஏஞ்சல்கள் ஜோடி சேர்ந்து முட்டையிடுவதும் உண்டு. வெளியே பார்த்து ஆண் பெண் சொல்வது கஷ்டம்.)

இதில் உங்கள் கைவேலையும் கொஞ்சம் இருக்கிறது. புதுத் தண்ணீர், சற்றே குளிர்ந்த தண்ணீர் ஏஞ்சலுக்கு மழைக்கால அறிகுறி. இரண்டு நாளைக்கு ஒருமுறை பாதித் தண்ணீர் மாற்றுவது சண்டையை அடக்கவில்லை, அவற்றை இனப்பெருக்கத்துக்குத் தூண்டிக்கொண்டிருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை 25 முதல் 30 சதவீதம் போதும். குளோரின் நீக்கும் மருந்தைக் குழாய்த் தண்ணீரில் கலந்த பிறகு ஊற்றுங்கள். உப்பை நிறுத்திவிடுங்கள். அது சண்டைக்கு மருந்து இல்லை.

மூன்றடித் தொட்டியில் ஒரு ஜோடி இருந்தால் வேறு ஏஞ்சலுக்கு இடமில்லை. ஜோடியை இரண்டடித் தொட்டிக்கு மாற்றுவது ஒரு வழி. ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று, சாய்த்து வைத்த ஓடு ஒன்று போதும், குஞ்சு வளர்க்கும் ஆசை இருந்தால் இதுதான் சரி. ஆசை இல்லையென்றால் மூலையில் நிற்கும் இரண்டையும் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். அடிபட்டவற்றை வெளியே அனுப்புவது அநியாயமாகத் தெரியலாம். பொதுவாக நானும் அடிக்கிற மீனைத்தான் எடுக்கச் சொல்வேன். அடிபட்டதை எடுத்தால் அதற்கு அடுத்த நிலையில் உள்ளது அடி வாங்கத் தொடங்கும். அடிக்கிறதை ஒரு வாரம் வேறு தொட்டியில் வைத்து, அதற்குள் கல், கட்டை, செடி எல்லாவற்றையும் இடம் மாற்றி வைத்துவிட்டுத் திரும்ப விட்டால், அதன் பழைய எல்லை போய்விட்டிருக்கும், புது ஆளாக வந்து நிற்கும். ஆனால் இந்த வைத்தியம் எல்லைச் சண்டைக்கு மட்டும்தான். முட்டை காக்கும் ஜோடியிடம் எடுபடாது.

டைகர் பார்ப் சுமத்ரா, போர்னியோ பக்கத்து மீன். கூட்டத்துக்குள்ளேயே ஒன்றையொன்று துரத்தி யார் மேல், யார் கீழ் என்று தீர்த்துக்கொள்ளும். ஐந்து போதாது. கூட்டம் சின்னதாக இருக்கும்போது அந்தத் துடிப்பெல்லாம் வெளியே திரும்பும், நீளமாகத் தொங்கும் துடுப்பு எங்கே இருக்கிறதோ அங்கே போய்க் கடிக்கும். உங்கள் சண்டை மீனின் வாலைக் கந்தலாக்கியது இந்த ஐந்து பேர்தான். எட்டு பத்தாகக் கூட்டினால் குறையும் என்று எல்லாரும் சொல்வார்கள், உண்மைதான், குறையும். ஆனால் ஏஞ்சலின் நீண்ட துடுப்புக்கும் பார்ப்புக்கும் நான் எந்த எண்ணிக்கையிலும் சம்மதிக்க மாட்டேன். இரண்டில் ஒன்று. என்னைக் கேட்டால் பார்ப்பை வைத்துக்கொண்டு பத்தாக்குவேன், பார்க்க அவ்வளவு கலகலப்பு. கேட்பவர்கள் எல்லாரும் கடைசியில் ஏஞ்சலைத்தான் வைத்துக்கொள்கிறார்கள்.

சண்டை மீனுக்குத் தனித் தொட்டி. இதில் பேச்சே இல்லை. 15, 20 லிட்டர் போதும். கோலாலம்பூரில் ஹீட்டர் தேவையில்லை. மேலே மூடி போடுங்கள், குதிக்கும். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவில் இடைவெளி இருக்கட்டும், அது மேலே வந்து காற்றைச் சுவாசிக்கிற மீன். தண்ணீர் சுத்தமாக இருந்தால் வால் சில வாரங்களில் வளர்ந்துவிடும். ஓரத்தில் பஞ்சு போல வெள்ளையாகப் படர்ந்தால் மட்டும் மருந்து பார்க்கலாம். பெயர் சண்டை மீன் என்றாலும் உங்கள் தொட்டியில் அது அடி வாங்கியதே தவிர யாரையும் அடிக்கவில்லை. தாய்லாந்தில் தலைமுறை தலைமுறையாகச் சண்டைக்கென்றே பொறுக்கி வளர்க்கப்பட்ட இனம் அது (2019ல் அந்நாடு அதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது). இன்னொரு ஆண் சண்டை மீனைக் கண்டால் பொங்குமே தவிர, வேகமாக நீந்தும் ஐந்து பார்ப்புகளைச் சமாளிக்க அந்த பாரமான வாலோடு அதனால் முடியாது. நம் வயல் வாய்க்கால்களில் வாழும் உறவுக்கார இனம் இம்பெல்லிஸ், குணத்தில் இதைவிட எவ்வளவோ மேல்.

இனி விலாவில் உள்ள வெள்ளைத் தடம். இதை ஏஞ்சல் ஜோடியின் கணக்கில் எழுத வேண்டாம். கடித்திருந்தால் துடுப்பு கிழியும், செதில் உதிரும். அகலமாகச் சுரண்டியது போல் இருந்தால் எனக்குச் சந்தேகம் பண்டாராயா மேல். கண்ணாடியில் பாசி தீர்ந்து பசி வந்ததும், இரவில் அசையாமல் நிற்கும் தட்டையான மீனின் விலாவில் ஒட்டிக்கொண்டு வழவழப்புப் பூச்சைச் சுரண்டித் தின்னும். ஏஞ்சலும் டிஸ்கஸும்தான் இதற்கு அதிகம் மாட்டும். விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள், கையும் களவுமாகப் பிடிபடலாம். விளக்கணைக்கும்போது வெள்ளரித் துண்டு ஒன்றோ அடியில் போய் நிற்கும் தீனியோ போட்டால் இப்போதைக்கு அடங்கும். ஆனால் அது 30 சென்டிமீட்டரைத் தாண்டி வளரும், உங்கள் தொட்டியில் கல், கட்டை போக 160 லிட்டர்தான் தேறும். இப்போதே கொடுத்துவிட்டு, கைக்கு அடக்கமாக நின்றுவிடும் பிரிஸில்நோஸ் ஒன்று வாங்குங்கள், பாசி வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

இதையெல்லாம் ஒரே நாளில் செய்ய வேண்டாம். இன்று இரவே செய்ய வேண்டியது, மூலையில் நிற்கும் இரண்டு ஏஞ்சலையும் சண்டை மீனையும் பிரிப்பது. உடனே தொட்டி கிடைக்காவிட்டால் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தடுப்பைக் குறுக்கே நிறுத்தினாலும் ஆகும். மற்றவை வார இறுதியில். இருப்பவற்றைக் குறைத்த பிறகு தொட்டியின் நடுவில் உயரமான மரக்கட்டை ஒன்று வைத்து, அதில் ஜாவா ஃபெர்ன் கட்டுங்கள். பின்பக்கம் வாலிஸ்னேரியா நட்டு அடர்த்தியாக வளர விடுங்கள். இந்தக் கோடியில் நிற்கும் மீனுக்கு அந்தக் கோடி தெரியக்கூடாது, அதுதான் நோக்கம். மூன்றடியை ஆறடியாக்க முடியாது, பார்வையை மறைக்க முடியும். தீனியை ஒரே இடத்தில் கொட்டாமல் இரண்டு கோடியிலும் ஒரே நேரத்தில் போடுங்கள். அடிக்கிறவன் ஒரு கோடியைத்தான் காக்க முடியும்.

ரஸ்போரா வாங்கி வரும் நாளில் பழைய மீன்களுக்கு முதலில் வயிறு நிறையத் தீனி போட்டு, கட்டைகளைக் கொஞ்சம் நகர்த்தி, விளக்கை அணைத்துவிட்டுப் புதியதை விடுங்கள். பத்தையும் ஒன்றாக. எல்லை காக்கும் மீன்கள் பழகிய பக்கத்து வீட்டுக்காரனை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது, முன்பின் தெரியாதவனைத்தான் அடிக்கும். ஒவ்வொன்றாக வாரா வாரம் விட்டால் ஒவ்வொரு வாரமும் ஒரு அந்நியன்.

லோஹானுக்கு வருவோம். 1990களில் மலேசியாவில் பல அமெரிக்க சிக்லிட் இனங்களைக் கலந்து உருவாக்கிய மீன் அது. சிக்லிட்டுகள் இயல்பிலேயே எல்லை காப்பவை. அதற்கு மேல் நிறத்துக்கும் நெற்றி மேட்டுக்கும் துடிப்புக்கும் என்று பொறுக்கி வளர்த்தார்கள், கண்ணாடிக்கு வெளியே வைத்த விரலோடு சண்டைக்கு வருவதுதான் அதன் விலையே. 25, 30 சென்டிமீட்டர் வளரும். சின்னதில் விட்டால் பழகும் என்கிறான் உங்கள் மகன். குட்டியாக இருக்கும்வரை அடி வாங்கும், வளர்ந்ததும் முழுத் தொட்டியையும் தன் எல்லையாக்கிக்கொண்டு அடிக்கும், பழகுகிற கட்டம் ஒன்று நடுவில் கிடையாது. அவனுக்கு உண்மையிலேயே ஆசையென்றால் இதே மூன்றடித் தொட்டியைக் காலி செய்து அதற்கு மட்டும் கொடுங்கள், நல்ல ஃபில்டரோடு. தனியாக இருந்தால் அது சோர்ந்து போகாது. வீட்டு ஆளை அடையாளம் கண்டுகொண்டு கண்ணாடி ஓரமாகவே வந்து நிற்கும்.

எடுக்கிற மீன்களைக் கடையில் வாங்க மறுத்தால், வளர்க்கிற தெரிந்தவர்களிடம் இலவசமாகக் கொடுத்துவிடுங்கள். கோம்பாக் ஆற்றிலோ தித்திவங்சா ஏரியிலோ விட்டுவிட வேண்டாம், குறிப்பாக பண்டாராயாவை. கிள்ளான் பள்ளத்தாக்கு ஆறுகளில் இப்போது பெருகிக் கிடக்கும் பண்டாராயாக்கள் எல்லாம் அப்படித் தொட்டியிலிருந்தும் பண்ணையிலிருந்தும் போய்ச் சேர்ந்தவற்றின் வம்சம்தான்.