குதிரைவண்டி வேண்டாம், எண்களிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: எங்கள் கல்லூரி அரங்கில், இந்தியாவில் வேர்கொண்ட ஐரோப்பாவின் ரோமா மக்களைப் பற்றிய கண்காட்சி ஒன்றை அமைக்கிறோம். வண்ணம் தீட்டிய குதிரைவண்டியை வாசலில் நிறுத்த மாணவர்கள் விரும்புகிறார்கள். அது பொருந்துமா?
– வாசகி, ஜார்ஜ்டவுன், பினாங்கு

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. பார்வையாளர் வண்டியின் முன் நின்று படம் பிடித்துக்கொண்டு, 'நாடோடிகள்' என்ற பழைய எண்ணத்துடனேயே வீடு திரும்புவார். ரோமா மக்களில் மிகப் பெரும்பாலோர் தலைமுறை தலைமுறையாக ஓரிடத்தில் நிலைத்து வாழ்பவர்கள். இன்றைய ருமேனியப் பகுதியில் இருந்த வலாக்கியா, மால்டாவியா ஆகிய நாடுகளில் 1850களின் நடுப்பகுதி வரை அடிமைகளாக இருந்தவர்களுக்கோ நினைத்த இடத்துக்குக் கிளம்பும் உரிமையே இருந்ததில்லை.

முதல் சுவரில் அவர்களுடைய எண்களை எழுதுங்கள். யேக், தூய், திரின் எனத் தொடங்கி ஆறு வரை வட இந்தியச் சாயல். ஏழு, எட்டு, ஒன்பது மூன்றும் கிரேக்கம். பத்து மீண்டும் 'தேஷ்'. தண்ணீர் அவர்களுக்கும் 'பானி'தான். இந்தியாவிலிருந்து புறப்பட்டு, கிரேக்கம் வழங்கிய பைசாந்தியப் (கிழக்கு ரோமானியப்) பேரரசின் நிலங்களில் நெடுங்காலம் தங்கிய வரலாற்றை, சந்தையைக் குறிக்கும் மலாய்ச் சொல்லான 'பாசார்' நம் பேச்சில் குடியேறிய கதையை அறிந்த பினாங்குக்காரருக்கு விளக்க வரைபடம்கூடத் தேவைப்படாது.

அடுத்தது பெயர். எகிப்திலிருந்து வந்தவர்கள் என்ற தவறான நம்பிக்கையில் பிறந்ததே 'ஜிப்சி' என்ற சொல். அவர்களுள் பலர் அதை இழிசொல்லாகவே கருதுகின்றனர். மலேசியாவில் இந்தியரை இழிவாகக் குறிக்கும் 'கிளிங்' என்ற சொல்லால் அழைக்கப்பட்டு முகம் சுருங்கியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

நாஜிக் கொடுமையைக் காட்டப் பிணக்குவியல் படங்களை வரிசையாக மாட்டாதீர்கள். ஒரே படம் போதும். 1944 மே 19 அன்று நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் முகாமில், தலையில் துணி கட்டிய சிறுமி ஒருத்தி சரக்கு ரயிலின் கதவிடுக்கிலிருந்து வெளியே பார்க்கிறாள். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் உலகம் அவளை யூதச் சிறுமி என்றே எண்ணியிருந்தது. ரோமா மக்களின் சின்டி பிரிவைச் சேர்ந்த செட்டலா ஸ்டைன்பாக் அவள் என்பது 1994இல்தான் தெரியவந்தது. அவள் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டாள். ரோமா மக்களை நாஜிகள் கொன்றதை இனப்படுகொலை என மேற்கு ஜெர்மனி ஏற்றுக்கொண்டது 1982இல்தான் என்பதையும் படத்தருகே குறிப்பிடுங்கள்.

இறுதி அறையில் ஒரு பள்ளி மேசை இருக்கட்டும். ரோமா பிள்ளைகளை மனவளர்ச்சி குன்றியோருக்கான பள்ளிகளுக்குத் தள்ளியது பாகுபாடே என்று செக் குடியரசுக்கு எதிராக ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2007இல் தீர்ப்பளித்தது; அதன் சாரத்தை மேசைமீது வையுங்கள். விளக்க அட்டைகளை அச்சுக்கு அனுப்புமுன், செக் நாட்டின் புருனோ நகரில் 1991இல் தொடங்கப்பட்ட ரோமா பண்பாட்டு அருங்காட்சியகத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேளுங்கள்.