பழைய வினாத்தாளை ஏன் இன்னும் பிரிக்கவில்லை?

கேள்வி: எனக்கு 25 வயது. பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு, விழுப்புரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்துகொண்டு டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்கு இரண்டு வருடமாகப் படிக்கிறேன். படிக்கிறேன் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கலர் பேனாவில் டைம்டேபிள் போடுவேன். திங்கள்கிழமை காலை புத்தகத்தை எடுத்ததும் போனைப் பார்க்கத் தோன்றும். தேர்வில் ஜெயித்தவர்களின் பேட்டி, ‘ஆறே மாதத்தில் அரசு வேலை’ மாதிரி வீடியோக்கள் என்று மதியம் ஆகிவிடும். சரி, நாளையிலிருந்து ஒழுங்காகப் படிக்கலாம் என்று விட்டுவிடுவேன். டெலிகிராமில் இறக்கிய பிடிஎஃப்கள் போன் நிறையக் கிடக்கின்றன. ஆறாம் வகுப்பு சமூக அறிவியலை மட்டும் பல தடவை ஆரம்பித்திருக்கிறேன். பத்தாம் வகுப்புப் புத்தகத்தைத் தொடவே இல்லை. பழைய வினாத்தாள்களைப் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன், போர்ஷன் முடித்ததும் போட்டுப் பார்க்கலாம் என்று. சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன், அதில் மட்டும் ஒரு நாளும் தவறியதில்லை. போன முறை கட் ஆஃப் பக்கமே போகவில்லை. அப்பா வரன் பார்க்க ஆரம்பித்துவிட்டார். “இன்னும் எத்தனை நாள்மா?” என்கிறார். நான் சோம்பேறியா? அப்பாவிடம் என்ன சொல்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் சோம்பேறி இல்லை. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை; உங்கள் கடிதமே அதற்குச் சாட்சி. சோம்பேறியாக இருந்திருந்தால் முதலில் நின்றிருப்பது அந்த டியூஷன்தான். காலையில் புத்தகத்தோடு உட்கார முடியாத அதே பெண் சாயங்காலம் பிள்ளைகளோடு எப்படித் தவறாமல் உட்காருகிறாள் என்று யோசித்துப் பாருங்கள். சாயங்காலம் என்ன வேலை என்பது தெளிவாக இருக்கிறது: ஒருத்தனுக்குப் பின்னக் கணக்கு, இன்னொருத்திக்கு அறிவியல் வீட்டுப்பாடம். உங்களுக்காக ஆட்கள் வந்து காத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஒரு மணி நேரத்தில் உங்களுக்கு யாரும் மார்க் போடுவதில்லை. காலையில் இந்த மூன்றும் அப்படியே தலைகீழாக இருக்கின்றன.

பழைய வினாத்தாள்களைப் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன், போர்ஷன் முடித்ததும் போடலாம் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். உங்கள் சிக்கல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். குரூப் 4-க்கு ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை தமிழ், அறிவியல், சமூக அறிவியல், அதற்கு மேல் நடப்பு நிகழ்வுகள். இதில் போர்ஷன் முடிந்தது என்று யாரும் எழுந்து கை தட்டிவிட முடியாது. அப்படியென்றால் அந்த வினாத்தாள் என்றைக்குமே பிரிபடாது. பிரித்தால் ஒரு மதிப்பெண் தெரிந்துவிடும். போன முறை கட் ஆஃப் பக்கம் போகாத வலி இன்னும் ஆறவில்லை, மறுபடி ஒரு குறைந்த மதிப்பெண்ணைப் பார்க்க மனம் துணியவில்லை. ஆறாம் வகுப்புப் புத்தகத்தைத் திரும்பத் திரும்பத் தொடங்குவதும் இதனால்தான். அது எளிது, பழகியது, அதில் பயமில்லை.

படிப்பைத் தள்ளிப்போடுவதை வெறும் நேர நிர்வாகக் கோளாறாகப் பார்ப்பது பழைய பார்வை. ஃபுஷியா சிரோய், டிமோத்தி பிச்சில் என்ற உளவியலாளர்கள் 2013-இல் எழுதிய கட்டுரையில் இதை வேறு மாதிரி விளக்கினார்கள். ஒரு வேலையை நினைத்ததும் உள்ளே ஒரு சங்கடம் எழுகிறது. அந்தச் சங்கடத்திலிருந்து உடனே தப்பிக்க வேலையைத் தள்ளிவைக்கிறோம். தள்ளிவைத்த நொடியில் மனம் லேசாகிறது. அந்த லேசுதான் வினை. அடுத்த முறை சங்கடம் வரும்போது மனம் அதே வழியைத் தேடிப் போகிறது. நீங்கள் போனை எடுக்கும் நொடியைக் கவனித்துப் பாருங்கள். பாடத்தில் ஒரு கடினமான பத்தி வந்திருக்கும், அல்லது ‘இவ்வளவு பாக்கி இருக்கிறதே’ என்ற நினைப்பு வந்திருக்கும். ஜெயித்தவர்களின் பேட்டியைப் பார்ப்பது இன்னும் வசதி, ஏனென்றால் அதுவும் படிப்பு சம்பந்தப்பட்டதுதானே என்று மனம் சமாதானம் சொல்லிக்கொள்ளும். டைம்டேபிள் போடுவதும் அப்படித்தான். அதனால் இன்னொரு டைம்டேபிள் போடுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. இருப்பதையும் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

வினாத்தாளிலிருந்து ஆரம்பியுங்கள். போர்ஷன் முடித்துவிட்டு வினாத்தாள் என்ற வரிசையை அப்படியே புரட்டிப் போடுங்கள். மொத்தம் 200 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். 100 கேள்வி தமிழ், 75 பொது அறிவு, 25 திறனறிவுக் கணக்கு. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் போட வேண்டாம். முதல் நாள் அந்த 25 கணக்கை மட்டும் எடுங்கள். விழுக்காடு, தனிவட்டி, கூட்டுவட்டி, மீச்சிறு பொது மடங்கு, காலமும் வேலையும்: கணிதம் படித்த, தினமும் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற உங்களுக்கு இது சொந்த ஊர். இரண்டாம் நாள் தமிழில் 50, மூன்றாம் நாள் மீதி 50. அடுத்த இரண்டு நாளில் பொது அறிவைப் பாதி பாதியாகப் போடுங்கள். தமிழில் 40 சதவீதம், அதாவது 150-க்கு 60 எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே எவ்வளவு பாதுகாப்பாக நிற்கிறீர்கள் என்பது இரண்டு மணி நேரத்தில் தெரியக்கூடிய விஷயம். அதைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டு வருடம் பயந்துகொண்டிருக்க வேண்டாம்.

திருத்தும்போது சரி, தவறு என்பதோடு விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் ஒரு குறி வையுங்கள். உறுதியாகத் தெரிந்து போட்டதற்கு ஒரு டிக், இரண்டு விடைகளுக்கு நடுவில் குழம்பியதற்கு ஒரு கேள்விக்குறி, கேள்விப்பட்டதே இல்லை என்பதற்கு ஒரு வட்டம். கேள்விக்குறி விழுந்தவைதான் உங்களுக்குச் சீக்கிரம் மதிப்பெண் தரக்கூடியவை. பாதி தெரிந்ததை முழுசாக்குவது, ஒன்றுமே தெரியாததைத் தொடங்குவதைவிடச் சுலபம். அந்தக் கேள்விகள் எந்த வகுப்பு, எந்தப் பாடத்திலிருந்து வந்தன என்று பார்த்து ஒரு தாளில் எழுதுங்கள். இனி உங்கள் பாடத்திட்டம் அந்தத் தாள்தான். மதிப்பெண் குறைவாக வரலாம், வரட்டும். அதை நீங்கள் மட்டும்தான் பார்க்கப் போகிறீர்கள்.

பாடம் படிக்காமல் டெஸ்ட் போட்டு என்ன பயன் என்று கேட்பீர்கள். நினைவில் நிற்பதற்கே அதுதான் நல்ல வழி. ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கல்லூரி மாணவர்களிடம் சின்னச் சின்ன அறிவியல் பத்திகளைக் கொடுத்தார்கள். கடல் நீர்நாயைப் பற்றி ஒன்று, சூரியனைப் பற்றி ஒன்று. ஒரு குழு நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரே ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து மூன்று முறை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்துக்கொண்டே இருந்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால், படித்தவர்களுக்கு 40 சதவீதம்தான் நினைவிருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். மஞ்சள் ஸ்கெட்ச்சால் கோடு போட்டுக்கொண்டே படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். தேர்வறையில் அந்தக் கோடு வந்து உதவாது.

ஒரு நாள் காலை எப்படி இருக்கலாம் என்று பார்ப்போம். ‘9 மணி முதல் 12 மணி வரை பாலிட்டி (அரசியலமைப்பு)’ என்று எழுதினால் அதைப் பார்த்ததுமே ஓடத்தான் தோன்றும். அதற்குப் பதிலாக, நீங்கள் தொடவே தொடாத அந்தப் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் குடிமையியலின் முதல் பாடத்தை எடுங்கள், இந்திய அரசியலமைப்பு. முழுப் பாடம் வேண்டாம், அடிப்படை உரிமைகள் மட்டும். பதினைந்து நிமிடம் படியுங்கள். புத்தகத்தை மூடுங்கள். வெற்றுத்தாளில் ஆறு உரிமைகளையும் எழுதுங்கள். பகுதி 3, பிரிவு 12 முதல் 35 வரை என்பது வந்ததா? சொத்துரிமை 1978-இல் எந்தத் திருத்தத்தால் அந்தப் பட்டியலிலிருந்து போனது? 44-ஆ, 42-ஆ என்று குழம்பினால், குழம்பியதை அப்படியே எழுதிவிட்டுப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். 44 என்று பார்த்ததும் ‘சே, இதுதானே’ என்று இருக்கும். அந்த ‘சே’யோடு பார்த்தது சட்டென்று மறக்காது. இதற்கு அரை மணி நேரம் போதும். பிறகு எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். எழுவதற்கு முன் அடுத்த முறை எதைத் தொடங்க வேண்டும் என்று தாளில் ஒரு வரி எழுதி, அந்தப் பக்கத்தைத் திறந்தபடியே வைத்துவிடுங்கள். ‘எங்கே ஆரம்பிப்பது’ என்று யோசிக்கும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் கை போனுக்குப் போகிறது.

எப்போது உட்காருவது என்பதற்கு மணிக்கணக்கு வைக்காதீர்கள், ஏற்கெனவே தினமும் செய்கிற ஒரு வேலையோடு முடிச்சுப் போடுங்கள். ‘டிபன் பாத்திரம் கழுவி முடித்ததும் திண்ணையில் உட்கார்ந்து, திறந்து வைத்த பக்கத்தைப் படிப்பேன்.’ இப்படி இடமும் நேரமும் முன்கூட்டியே சொல்லிக்கொள்வதன் பலனை பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் சோதித்துப் பார்த்திருக்கிறார். கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஓர் அறிக்கை எழுதி அனுப்பச் சொன்னார்கள். எங்கே, எப்போது எழுதுவேன் என்று முன்பே தீர்மானித்தவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் சொன்ன நேரத்தில் எழுதினார்கள். மற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான். கிராமத்து வீட்டில் உறவினர் வருவார்கள், கரண்ட் போகும், அம்மா கூப்பிடுவார். மணி தவறினால் அன்றைய படிப்பே போச்சு என்று தோன்றும். பாத்திரம் கழுவும் வேலை என்றைக்கும் தவறாது.

போன் விஷயம் சுருக்கமாக. அந்த அரை மணிக்கு அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள், சைலண்ட்டில் போட்டுப் பக்கத்தில் வைப்பது உதவாது. டெலிகிராம் குழுக்களில் நடப்பு நிகழ்வுகளுக்கு ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றிலிருந்து வெளியேறுங்கள். பள்ளிப் புத்தகம் கையில் இருக்கும்போது அந்த பிடிஎஃப்கள் எதுவும் வேண்டாம்.

தனியாக உட்காருவது கஷ்டமாக இருந்தால் கூட்டு தேடுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இயங்கும் தன்னார்வ பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுக்கு இலவசப் பயிற்சி தருகிறார்கள். அறிவிப்பு எப்போது வருகிறது என்று விசாரித்துப் பாருங்கள். பஸ் ஏறிப் போக முடியவில்லை என்றால், தேர்வுக்குப் படிக்கும் ஒரு தோழி போதும். ஞாயிற்றுக்கிழமை டைம்டேபிள் போட்ட நேரத்தில் ஆளுக்கு 50 கேள்வி போட்டு, தாளை மாற்றித் திருத்திக்கொள்ளுங்கள். சாயங்காலம் பிள்ளைகள் உங்களுக்காகக் காத்திருப்பது உங்களை உட்கார வைக்கிறது அல்லவா, அதே பலம் இதிலும் கிடைக்கும்.

இவ்வளவு செய்தும் சில நாள் போகும். ஒரு நாள் போனால் அன்று ராத்திரி உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். இதை நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களை வைத்து 2010-இல் வெளியான ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். நம் வீடுகளில் திட்டினால்தான் உறைக்கும் என்பார்கள். ஆனால் திட்டத் திட்ட அந்தப் புத்தகத்தைப் பார்க்கும்போது வரும் சங்கடம் கூடுகிறது, சங்கடம் கூடினால் ஓட்டமும் கூடும். ‘இன்று போய்விட்டது, பக்கம் திறந்துதான் இருக்கிறது’ என்று சொல்லிவிட்டுத் தூங்குங்கள். தூக்கமே வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்று வாரக்கணக்கில் போனால் மட்டும் அதைப் படிப்புப் பிரச்சினை என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கட்டணமில்லாமல் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். “இன்னும் எத்தனை நாள்மா?” என்பதை நீங்கள் குத்தலாக எடுத்துக்கொள்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அவருக்குத் தேதி தெரியவில்லை, அதனால் கேட்கிறார். உங்களிடமும் தேதி இல்லை, அதனால் வலிக்கிறது. நாலு ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் போட்ட பிறகு, அந்த மதிப்பெண் தாள்களோடு அவரிடம் போய் உட்காருங்கள். “அப்பா, போன மாதம் இவ்வளவு எடுத்தேன், இந்த வாரம் இவ்வளவு. வரப்போகிற தேர்வையும் அதற்கடுத்ததையும் எழுதுகிறேன். அதுவரை வரன் பேச்சைத் தள்ளிவையுங்கள்” என்று கேளுங்கள். அவர் ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். 25 வயதில் இந்தத் தேர்வின் வயது வரம்பு இன்னும் தொலைவில் இருக்கிறது. கல்யாணமானாலும் எழுதலாம், அப்படி எழுதி வேலைக்குப் போன பெண்கள் எத்தனையோ பேர். இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. இரண்டு வருடத்தில் நீங்கள் ஒரு நாளும் தள்ளிப்போடாத வேலை பாடம் சொல்லிக்கொடுப்பது. பி.எட். இரண்டு வருடப் படிப்பு, பிறகு ஆசிரியர் தகுதித் தேர்வு. குரூப் 4 உங்கள் ஆசையா, தெருவில் எல்லோரும் எழுதுகிறார்கள் என்று சேர்ந்துகொண்டதா என்பதை அப்பாவோடு உட்காரும் முன் நீங்களே ஒரு முறை கேட்டுப் பார்த்துவிடுங்கள். ஆசிரியர் வேலைதான் மனதில் இருக்கிறது என்றால், அதையும் அன்றைக்கே அவரிடம் சொல்லிவிடலாம்.