எல்சாட் தேர்வை மீண்டும் எழுதிய பிறகு விண்ணப்பிப்பதா, கையில் உள்ள மதிப்பெண்ணோடு இப்போதே விண்ணப்பிப்பதா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: மலேசியாவின் செந்தூலில் வசிக்கும் நீங்கள் உள்நாட்டுத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் பட்டம் பெற்று, அமெரிக்காவில் மூன்றாண்டு ஜே.டி. சட்டப் படிப்புக்கு விண்ணப்பிப்பதற்காக ஆகஸ்டில் எல்சாட் என்ற சட்டப் பள்ளி நுழைவுத் தேர்வை எழுதி 159 வாங்கியிருக்கிறீர்கள். அதற்கு முந்திய வாரங்களில் வீட்டில் எழுதிய மாதிரித் தேர்வுகளில் 164 முதல் 166 வரை வந்துகொண்டிருந்தது. அப்பா அடுத்த ஆண்டு பணி ஓய்வு பெறுகிறார். "கிடைத்தது போதும், விண்ணப்பத்தைப் போடு" என்பது அம்மாவின் எண்ணம். நவம்பரில் மீண்டும் எழுதினால் விண்ணப்பம் தாமதமாகிவிடுமோ, மதிப்பெண் இன்னும் குறைந்துவிடுமோ என்பது உங்கள் அச்சம்.

நீங்கள் எழுதியிருக்கும் விவரங்கள் அப்படியே சரியென்றால், நவம்பரில் மீண்டும் எழுதுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த "சரியென்றால்" என்பதை முதலில் சோதிக்க வேண்டும். மறுமுறை எழுதலாமா என்ற முடிவை மனவருத்தத்தை வைத்தோ, அடுத்த வீட்டுப் பிள்ளை வாங்கிய மதிப்பெண்ணை வைத்தோ எடுக்கக் கூடாது. தேர்வறையில் வாங்கியதற்கும், அதே நிபந்தனைகளில் உங்களால் வாங்க முடிந்ததற்கும் உண்மையான இடைவெளி இருக்கிறதா என்பதை வைத்தே எடுக்க வேண்டும்.

எல்சாட் 120க்கும் 180க்கும் இடையே மதிப்பிடப்படுவது உங்களுக்குத் தெரியும். தேர்வை நடத்தும் எல்சாக் அமைப்பு ஒவ்வொரு மதிப்பெண்ணோடும் ஏறத்தாழ மூன்று புள்ளி மேலும் கீழுமாக ஒரு வரம்பைக் குறிப்பிட்டே தருகிறது. ஒரே மாணவர் ஒரே ஆயத்தத்தோடு இரண்டு வெவ்வேறு நாள்களில் எழுதினால்கூட அந்த அளவுக்கு மாறுவது இயல்பு என்பதே அதன் பொருள். மாதிரித் தேர்வில் 161 வாங்கிக்கொண்டிருந்த ஒருவர் தேர்வில் 159 வாங்கினால் அவருக்கு அநியாயம் எதுவும் நடந்துவிடவில்லை. உங்களுடைய இடைவெளியோ ஐந்து முதல் ஏழு புள்ளி. அதை வெறும் ஏற்ற இறக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது.

அந்த மாதிரித் தேர்வுகளை எப்படி எழுதினீர்கள் என்பதை மட்டும் நேர்மையாக நினைத்துப் பாருங்கள். நான்கு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 35 நிமிடம், இரண்டாம் பகுதிக்குப் பின் பத்து நிமிட இடைவேளை என்று முழுமையாக எழுதினீர்களா, அல்லது மதிப்பெண்ணில் சேராத ஒரு பகுதியை விட்டுவிட்டு மூன்றை மட்டும் எழுதினீர்களா? நான்காம் பகுதியின் களைப்பு சாதாரணமானதல்ல. எந்தப் பகுதிக்கு மதிப்பெண் இல்லை என்பதும் தேர்வின்போது நமக்குத் தெரியாது. இன்னொன்று, 2024 ஆகஸ்டு முதல் லாஜிக் கேம்ஸ் என்ற புதிர்ப் பகுதி நீக்கப்பட்டு, இப்போது மதிப்பெண்ணுக்குரியவை இரண்டு தர்க்க ஆய்வுப் பகுதிகளும் ஒரு வாசிப்புப் பகுதியும்தான். மூத்த மாணவர்கள் கைமாற்றிக் கொடுக்கும் பழைய புத்தகங்களில் அந்தப் புதிர்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றைச் சேர்த்துக் கணக்கிட்ட மாதிரி மதிப்பெண் உங்கள் இன்றைய நிலையைக் காட்டாது. எல்சாக்கின் லாஹப் தளத்தில் புதிய அமைப்பிலேயே மாதிரித் தேர்வுகள் உள்ளன. முன்பு பார்த்திராத இரண்டை எடுத்து, வீட்டில் தொலைக்காட்சிச் சத்தம் இல்லாத ஒரு காலைப்பொழுதில், கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு எழுதுங்கள். அப்போதும் 164ஐ ஒட்டி வந்தால் உங்கள் ஆற்றல் அதுதான்.

நம் நாட்டில் பட்டம் பெற்றவருக்கு அந்த ஐந்தாறு புள்ளிகள் ஏன் அமெரிக்க மாணவரைவிட முக்கியம் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வீட்டில் பேசும்போது இதுதான் உதவும். அமெரிக்காவில் படித்தவருக்கு எல்சாக் அவருடைய இளங்கலை மதிப்பெண்களைத் திரட்டி ஒரு ஜிபிஏ (சராசரித் தரப்புள்ளி) எண்ணாக்கிச் சட்டப் பள்ளிகளுக்கு அனுப்பும். மலேசியப் பல்கலைக்கழகப் பட்டத்துக்கு அப்படி எண் தரப்படுவதில்லை. சான்றிதழ்கள் சரிபார்க்கப்பட்டு, சராசரி, சராசரிக்கு மேல், மிகச் சிறப்பு என்பது போன்ற ஒரு தரக் குறிப்பு மட்டுமே செல்லும். ஆகவே உங்கள் விண்ணப்பத்தில் மற்றவர்களோடு நேருக்கு நேர் ஒப்பிடக்கூடிய ஒரே எண் எல்சாட் மதிப்பெண். பட்டப் படிப்பில் நான்காண்டு நீங்கள் போட்ட உழைப்பு ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறது. அரை நாள் தேர்வு பெரிய இலக்கத்தில் தெரிகிறது. இது நியாயமில்லை என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனாலும் மதிப்பெண் உயர்ந்தால் அதே ஏற்பாடு உங்கள் பக்கம் சாய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பள்ளி தன் மாணவர்களின் நடு மதிப்பெண்ணை (பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் கீழும் நிற்பது) உயர்த்திக்கொள்ள விரும்பும்போது உங்கள் எல்சாட் அதற்கு உதவும். உங்கள் ஜிபிஏ அதன் கணக்கில் வரவே வராது.

அடுத்தது பணம். பெயர் பெற்ற பல தனியார் சட்டப் பள்ளிகளில் ஆண்டுக் கல்விக் கட்டணம் மட்டும் 70,000 டாலரைத் தாண்டிவிட்டது. ஒரு டாலருக்கு நான்கு வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்தால் மூன்றாண்டுக்கு 8 லட்சத்து 40 ஆயிரம் வெள்ளி. தங்குமிடமும் சாப்பாடும் காப்புறுதியும் அதற்கு மேல். அமெரிக்க மத்திய அரசின் கல்விக் கடன் மாணவர் விசாவில் செல்லும் நமக்குக் கிடையாது. தனியார் கடன் நிறுவனங்கள் பெரும்பாலும் அந்நாட்டில் உள்ள ஒருவர் பிணை நிற்க வேண்டும் என்கின்றன. நம் பிடிபிடிஎன் கடன் உள்நாட்டுப் படிப்புக்கு உரியது. எஞ்சுவது அப்பாவின் சேமநிதி, வீட்டின் மீது கடன், அல்லது பள்ளியே தரும் கட்டணச் சலுகை. இந்தச் சலுகை பெருமளவில் எல்சாட் மதிப்பெண்ணைப் பார்த்தே தரப்படுகிறது. உங்கள் மதிப்பெண் ஒரு பள்ளியின் நடு மதிப்பெண்ணுக்குக் கீழே இருந்தால் இடம் கிடைத்தாலும் சலுகை கிடைப்பது அரிது. மேல் கால் பகுதிக்குள் போய்விட்டால் பாதிக் கட்டணமோ அதற்கு மேலோ தள்ளுபடியாக வாய்ப்புண்டு. மறுதேர்வுக் கட்டணம் 200 டாலருக்கு மேல். அதையும் இரண்டு மாத உழைப்பையும் ஒரு பக்கம் வைத்து, 4 லட்சம் வெள்ளிக்கு மேல் குறையக்கூடிய ஒரு கட்டணத்தை மறுபக்கம் வைத்து அம்மாவிடம் பேசுங்கள். "போதும்" என்று அவர் சொல்வது மகளின் திறமையைப் பற்றி அல்ல, செலவும் அலைச்சலும் பெருகுமே என்ற கவலையில்தான் என்று நினைக்கிறேன். செலவைக் குறைக்கும் வழியே இந்த மறுதேர்வு என்பது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இதை ஊகமாக விட்டுவிட வேண்டியதில்லை. அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் 509ஆம் விதிப்படி, அது அங்கீகரித்த ஒவ்வொரு சட்டப் பள்ளியும் தன் மாணவர்களின் எல்சாட் நடு மதிப்பெண்ணையும், மேல், கீழ்க் கால் பகுதி மதிப்பெண்களையும், எத்தனை பேருக்கு எவ்வளவு சலுகை கொடுத்தது என்பதையும் ஆண்டுதோறும் இணையத்தில் வெளியிட வேண்டும். நீங்கள் எண்ணியிருக்கும் பள்ளிகளின் 509 அறிக்கைகளைத் திறந்து வைத்து, 159 எங்கே நிற்கிறது, 165 எங்கே நிற்கும் என்று குறித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே இடத்தில் நிற்கும் பள்ளிகள் மட்டுமே பட்டியலில் இருந்தால் மறுதேர்வு தேவையில்லை. முதல் வரிசைப் பள்ளிகள் பலவற்றின் நடு மதிப்பெண் 170ஐ எட்டியோ தாண்டியோ நிற்கிறது, அங்கே 165கூட எளிதில் போதாது. ஆனால் நடு மதிப்பெண் 160க்கும் 165க்கும் இடையே உள்ள நல்ல பள்ளிகளில் உங்களுக்கு அந்த ஆறு புள்ளி எல்லாவற்றையும் மாற்றிவிடும்.

நானும் மறுமுறை எழுதியவள்தான். முதல் மதிப்பெண் வந்தபோது எனக்கு இடம் கொடுக்கக்கூடிய பள்ளிகள் இருந்தன. ஆனால் கட்டணத்தைப் பார்த்தபோது பிரிக்பீல்ட்ஸ் வீட்டை அடகு வைக்காமல் போக முடியாது என்று தெரிந்தது. அப்போது நான் செய்தது, மேலும் மேலும் மாதிரித் தேர்வு எழுதுவதை நிறுத்திவிட்டு, தவறிய கேள்விகளை மட்டும் நேரக் கட்டுப்பாடில்லாமல் மீண்டும் செய்து பார்த்தது. விடையைப் பார்க்காமல் நிதானமாகச் செய்யும்போது சரியாக வருபவை நேரத்தால் தவறியவை. அப்போதும் தவறுபவை புரியாததால் தவறியவை. எனக்கு வாசிப்புப் பகுதியின் நான்காவது கட்டுரையை எப்போதும் மூச்சு வாங்க ஓடித்தான் முடிக்க முடிந்தது. தர்க்க ஆய்வில், ஒரு வாதம் சொல்லாமல் விட்ட அனுமானத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் கேள்விகள் எவ்வளவு நேரம் கொடுத்தாலும் தவறின. இரண்டுக்கும் மருந்து வேறு. முதலாவதற்குத் தினமும் அறிவியல், சட்டம், கலை பற்றிய கடினமான ஆங்கிலக் கட்டுரைகளை வாசித்து, ஒவ்வொரு பத்தியும் எதற்காக எழுதப்பட்டது என்று ஒரு வரியில் சொல்லிப் பழகினேன். இரண்டாவதற்கு அந்த ஒரே வகைக் கேள்விகளை மட்டும் வாரக்கணக்கில் செய்தேன். மதிப்பெண் உயர்ந்தது; கிடைத்த சலுகையால் வீடு எங்களிடமே இருக்கிறது.

கிள்ளானைச் சேர்ந்த என் நண்பர் ஒருவரும் அதே காலத்தில் மீண்டும் எழுதினார். முன்பு படித்தது போலவே, அதே புத்தகம், அதே வேகம். மதிப்பெண் அசையவில்லை, அவர் விண்ணப்பமும் பிந்திப் போயிற்று. படிக்கும் முறையில் எதை மாற்றப் போகிறோம் என்று ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியாதவருக்கு மறுதேர்வை நான் பரிந்துரைப்பதில்லை. தர்க்க ஆய்வுதான் மதிப்பெண்ணில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு என்பதால் உங்கள் மாற்றம் அங்கிருந்து தொடங்கட்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது, ஒரு கேள்வியையும் விடையின்றி விடாதீர்கள்.

மதிப்பெண் குறைந்துவிடுமோ என்ற அச்சத்துக்கு வருகிறேன். பள்ளிகள் உங்கள் மதிப்பெண்கள் அனைத்தையும் பார்க்கும். ஆயினும் அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்துக்குப் பள்ளிகள் தெரிவிக்க வேண்டியது ஒவ்வொரு மாணவரின் உயர்ந்த மதிப்பெண் என்பதால், பெரும்பாலும் அதையே கணக்கில் கொள்கின்றன. இரண்டாம் முறை 157 வந்தாலும் உங்கள் 159 அழிந்துவிடாது. ஐந்தாண்டுக் காலத்தில் ஐந்து முறையும் வாழ்நாளில் ஏழு முறையும் எழுதலாம் என்பது விதி, ஆகவே இரண்டாவது முறையை யாரும் வியப்பாகப் பார்க்கப் போவதில்லை. மதிப்பெண்ணைப் பார்த்த பின் ரத்து செய்யும் வசதிக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். ஏற்கெனவே ஒரு மதிப்பெண் கையில் உள்ள உங்களுக்கு அது அவசியமில்லை என்பது என் கருத்து. ரத்து செய்ததும் பதிவில் தெரியத்தான் செய்யும். முதல் முறை எழுதிக் கொடுத்த வாதக் கட்டுரை செல்லும், அதை மறுபடி எழுத வேண்டாம்.

தாமதத்தைப் பற்றிய கவலையில் ஓரளவு நியாயம் உண்டு. பெரும்பாலான பள்ளிகள் செப்டம்பரையொட்டி விண்ணப்பங்களைத் திறந்து, வர வர முடிவெடுத்துக்கொண்டே போவதால், முன்னால் வருபவருக்கு இடமும் சலுகைப் பணமும் கூடுதலாக இருக்கும். ஆனால் நவம்பர் மதிப்பெண்ணோடு ஆண்டு முடிவதற்குள் முழுமையாகும் விண்ணப்பம் பிந்தியது அல்ல. ஆறு புள்ளி உயர்வு அந்த ஓரிரு மாதத்தை எளிதில் ஈடுகட்டும். இப்போதே விண்ணப்பித்துவிட்டு நவம்பர் தேர்வையும் குறிப்பிடலாமே என்று கேட்பீர்கள். குறிப்பிட்டால் பல பள்ளிகள் அந்த மதிப்பெண் வரும் வரை கோப்பை எடுக்காமல் வைத்திருக்கும், குறிப்பிடாவிட்டால் 159ஐ வைத்தே முடிவெடுத்துவிடும் அபாயம் உண்டு.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றை உங்கள் கேள்வியில் காணவில்லை. படித்து முடித்து இங்கே வந்து ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்தில் வாதாட வேண்டும் என்பது உங்கள் எண்ணமானால், மறுதேர்வுக்கு ஒரு காசும் செலவிடாதீர்கள். 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் கீழ் இங்கே வழக்கறிஞராவதற்கு, மலாயாப் பல்கலைக்கழகம் போன்ற உள்நாட்டுச் சட்டப் பட்டமோ, சட்டத் தொழில் தகுதி வாரியம் ஏற்கும் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பட்டங்களோடு சி.எல்.பி. என்ற தொழில் சான்றிதழ்த் தேர்வோ போன்ற ஏற்கப்பட்ட தகுதி வேண்டும், அமெரிக்க ஜே.டி. அதற்கு வழி திறப்பதில்லை. நான் இதை அறிந்தேதான் போனேன். ஒப்பந்தத் துறையில் வேலை செய்ய விரும்பினேன், இன்று கோலாலம்பூரில் ஒரு நிறுவனத்தில் அதையே செய்கிறேன். நியூயார்க்கில் தொழில் செய்வதும், பன்னாட்டு நடுவர் மன்ற வழக்குகளும் உங்கள் நாட்டமென்றால் ஜே.டி. பொருத்தமானது. வாரியத்திடம் எழுத்து மூலம் கேட்டு, பதிலை அப்பா அம்மா இருவருக்கும் காட்டிவிட்டு மேற்கொண்டு செல்லுங்கள்.

போவதென்று முடிவானால், நவம்பருக்கான பதிவு பல வாரங்களுக்கு முன்பே மூடிவிடும் என்பதால் இன்றே பதிந்துவிடுங்கள். பரிந்துரைக் கடிதங்கள், சான்றிதழ் மதிப்பீடு, தன்விளக்கக் கட்டுரை ஆகியவற்றை அக்டோபருக்குள் முடித்து, மதிப்பெண் வந்த நாளிலேயே அனுப்பும்படி வைத்திருங்கள். பல்கலைக்கழகச் சான்றிதழ்கள் இங்கிருந்து போய்ச் சேர்ந்து மதிப்பிடப்படுவதற்கு நாம் நினைப்பதைவிட அதிக நாள் பிடிக்கும். தீபாவளிக்கு வீட்டில் விருந்தாளிகள் வருவதையும் கணக்கில் வைத்து அட்டவணை போடுங்கள். தேர்வுக்குப் பத்து நாள் முன்பு இரண்டு முழு மாதிரித் தேர்வு எழுதிப் பாருங்கள். இரண்டிலும் 160ஐத் தாண்டவில்லை என்றால், விலகிக்கொண்டு 159ஓடு நவம்பரிலேயே விண்ணப்பித்துவிடலாம். ஜனவரித் தேர்வுக்குக் காத்திருந்தால் சலுகைப் பணத்தின் பெரும்பகுதி அதற்குள் பங்கிடப்பட்டிருக்கும்.