ஓசியில் வந்த ஸ்லைடர்: வேர்ட்பிரஸ் பிளகின் வாங்குவோர் கேள்வி-பதில்

(புதியவர்களுக்கு: வேர்ட்பிரஸ் என்பது வலைத்தளம் கட்டும் மென்பொருள். அதற்குக் கூடுதல் வசதி சேர்க்கும் துணை நிரல் பிளகின், தளத்தின் தோற்றத்தைத் தருவது தீம்.)

59 டாலர் பிளகினை டெலிகிராம் குழுவில் ஒருவர் 200 ரூபாய்க்குக் கொடுத்தார். நன்றாகத்தான் ஓடியது. இப்போது கூகுள் வழியாக என் தளத்துக்கு வருகிறவர்கள் சூதாட்டப் பக்கத்துக்குப் போகிறார்கள். நான் முகவரியைத் தட்டிப் போனால் சரியாக வருகிறது. ஏன்? (ஈரோடு வாசகர்)

முகவரியைத் தட்டி வருகிறவர் முதலாளியாக இருக்கலாம் என்று அந்தப் பிளகினுக்குள் ஒளிந்திருக்கும் நிரலை எழுதியவனுக்குத் தெரியும். அதனால் உங்களிடம் மட்டும் நல்ல பிள்ளையாக நடந்துகொள்கிறது. லைசென்ஸை உடைத்து விற்கும் பிளகின்களில் கூடுதல் சரக்கை ஒளித்து அனுப்புவது பழைய தொழில். டபிள்யூபி-விசிடி என்ற தீநிரல் பெரும்பாலும் இப்படித்தான் பரவியது. உள்ளே ஏறியதும் தளத்திலுள்ள தீம்களின் ஃபங்ஷன்ஸ் கோப்பில் எல்லாம் தன்னை எழுதிக்கொள்ளும். ஆகவே அந்தப் பிளகினை மட்டும் அழித்தால் போதாது. 200 ரூபாயைத் திரும்பக் கேட்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். யாரிடம்?

பிரௌசரில் பூட்டுப் படம் தெரிகிறது. அப்புறம் என்ன பயம்?

வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது, அவ்வளவுதான். ஓட்டைப் பிளகினுக்கும் பூட்டுக்கும் சம்பந்தமில்லை.

தீம் வாங்கியபோது "எட்டு பிரீமியம் பிளகின்கள் இலவசம்" என்றார்கள். அதில் ஸ்லைடருக்கு மட்டும் அப்டேட் வருவதே இல்லை. கவலைப்பட வேண்டுமா?

வேண்டும். இந்த 'இலவசம்' மேல் எனக்குத் தீராத கடுப்பு. தீம் செய்தவர், பிளகின் செய்தவரிடம் ஒரு லைசென்ஸ் வாங்கித் தன் பொட்டலத்தில் சேர்த்துக் கட்டுகிறார். உங்கள் பெயரில் லைசென்ஸ் கீ கிடையாது. கீ இல்லையென்றால் அப்டேட் தானாக வராது. தீம்காரர் புதிய பதிப்பைச் சேர்த்துக் கொடுத்தால் உண்டு. அவர் கடையைச் சாத்திவிட்டால் அதுவும் இல்லை.

2014-இல் நடந்ததைச் சொல்கிறேன். ஸ்லைடர் ரெவல்யூஷன் என்பது முகப்பில் படங்களை ஓடவிடும் பிளகின், ஏராளமான தீம்களோடு ஒட்டி வந்தது. அதிலிருந்த ஓட்டை வழியாக, லாகின் செய்யாத எவரும் ஒரு முகவரியைத் தட்டி டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பை இறக்கிக்கொள்ளலாம். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருப்பது அந்தக் கோப்பில்தான்! பிப்ரவரியிலேயே 4.2 பதிப்பில் சத்தம் காட்டாமல் ஓட்டையை அடைத்துவிட்டார்கள். தனியாகக் காசு கொடுத்து வாங்கியவர்கள் அப்டேட் செய்துகொள்ள முடிந்தது. தீமோடு பெற்றவர்களில் பலருக்குத் தங்களிடம் அப்படி ஒரு பிளகின் இருப்பதே தெரியாது. டிசம்பரில் அதே ஓட்டை வழியாக 'சோக்சோக்' என்ற தாக்குதல் வந்தபோது கூகுள் 11,000-க்கும் மேற்பட்ட தளங்களைக் கருப்புப் பட்டியலில் போட்டது. அவர்கள் செய்த தப்பு, ஒரு தீமுக்கு முழு விலை கொடுத்தது.

உங்கள் டாஷ்போர்டில் பிளகின்கள் பட்டியலைத் திறந்து, பெயருக்குப் பக்கத்திலுள்ள பதிப்பு எண்ணைத் தயாரித்தவரின் தளத்தோடு ஒப்பிடுங்கள். பழையதென்றால் தீம்காரரிடம் புதியதைக் கேளுங்கள், இல்லையேல் தனி லைசென்ஸ் வாங்குங்கள். ஸ்லைடரையே தூக்கிவிட்டாலும் நஷ்டமில்லை. மூன்றாவது படம் வரை யார் காத்திருக்கிறார்கள்?

வீட்டிலிருந்தே ஊறுகாய் விற்கிறேன். தளம் செய்தவருக்கு வருடம் 12,000 ரூபாய் பராமரிப்புக் கட்டணம் கொடுக்கிறேன். தளம் ஹேக் ஆகிவிட்டது. ஃபைல் மேனேஜர் பிளகின் பழைய பதிப்பு என்கிறார் பார்த்த இன்னொருவர். செய்தவரோ சுத்தம் செய்ய இன்னும் 25,000 கேட்கிறார்.

கொடுக்காதீர்கள், அம்மா. அந்தப் பிளகினில் லாகின் இல்லாமலே கோப்பு ஏற்றும் ஓட்டை 2020 செப்டம்பரில் அம்பலமானது. சுமார் 7 லட்சம் தளங்களில் இருந்த பிளகின் அது. 6.9 பதிப்பில் சரிசெய்தும் விட்டார்கள். அப்டேட் பட்டனை அழுத்தத்தானே அவருக்கு வருடாவருடம் காசு கொடுத்தீர்கள்?

எதையும் அழிக்குமுன் சாட்சி சேருங்கள். பதிப்பு எண் தெரியும் ஸ்கிரீன்ஷாட், யூசர் பட்டியலில் நீங்கள் சேர்க்காத அட்மின் பெயர், படங்கள் மட்டும் இருக்க வேண்டிய அப்லோட்ஸ் ஃபோல்டரில் கிடக்கும் பிஎச்பி நிரல் கோப்புகள், அவருடைய பில், வாட்ஸாப் பேச்சு. பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. "வியாபாரத்துக்கு வாங்கியதால் நீங்கள் நுகர்வோரே இல்லை" என்று அவர் சட்டம் பேசலாம். சுயதொழில் செய்து பிழைக்க வாங்கிய பொருளுக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்கு தருகிறது, சேவைக்கும் அது பொருந்தும் என்று வாதாடிப் பாருங்கள். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், ஆறப்போடாதீர்கள்.

பாதுகாப்புப் பிளகின் போட்டுவிட்டேன். இனி நிம்மதிதானே?

ரியலி சிம்பிள் செக்யூரிட்டி என்பதும் பாதுகாப்புப் பிளகின்தான், 40 லட்சம் தளங்களில் இருந்தது. 2024 நவம்பரில் அதில் ஓட்டை தெரிந்தது. இரண்டு அடுக்கு லாகினை ஆன் செய்து வைத்த உஷாரானவர்களின் தளத்தில்தான் பாஸ்வேர்டே இல்லாமல் அட்மினாக நுழைய முடிந்தது. போடுங்கள், ஆனால் அதையும் அப்டேட் செய்யுங்கள்.

அப்டேட் செய்தால் தளம் உடைந்துவிடும் என்று மூன்று வருடமாகத் தொடவில்லை.

பேக்கப் எடுத்துவிட்டு இன்றைக்கே தொடுங்கள். இதற்கு மேல் பொறுமையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

வாழ்நாள் லைசென்ஸ் வாங்கலாமா?

நான் ஒன்று வாங்கினேன், படிவம் போடும் பிளகின். அடுத்த வருடமே கம்பெனி காலமாகிவிட்டது. நீங்கள் கடைசி அப்டேட் எப்போது வந்தது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.