பொய் வழக்கில் தண்டனை விழாமல் தடுப்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி (திண்டுக்கல்): அண்ணனைச் செவ்வாய் காலை வீட்டிலிருந்து கூட்டிப்போனார்கள் சார். ஆனால் புதன் மாலை பஸ் ஸ்டாண்டில் பிடித்ததாகக் கைதுக் குறிப்பு இருக்கிறது.

பதில்: அந்த ஒன்றரை நாள்தான் உங்கள் பெரிய ஆதாரம். யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு என்று எழுதி எஸ்.பி.க்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் ஸ்பீடு போஸ்ட்டில் இன்றே அனுப்புங்கள். காவலில் வைக்க மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போது (ரிமாண்ட்) அண்ணனும் அந்த நேரத்தைச் சொல்ல வேண்டும், காயம் இருந்தால் காட்ட வேண்டும். பக்கத்தில் போலீஸ் நிற்கிறதே என்று பலர் வாய் திறப்பதில்லை. விசாரணை தொடங்கிய பிறகு சொன்னால் ஜோடித்த கதை என்பார்கள்.

அடுத்து, ஸ்டேஷன் சி.சி.டி.வி. பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அதே ஆண்டு, தந்தையும் மகனும் காவலில் இறந்த சாத்தான்குளம் வழக்கில், அந்த ஸ்டேஷனில் போதிய இடம் இருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைத்திருந்ததை மாஜிஸ்திரேட் அறிக்கையில் எழுதினார். தேதி, நேரம் குறிப்பிட்டு, பதிவைப் பாதுகாக்கச் சொல்லி முதல் வாரமே மனுப் போடுங்கள். தெருவில் உள்ள கடை கேமராக்களையும் சேருங்கள்.

கேள்வி (விருதுநகர்): தம்பி ஸ்டேஷனில் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டான். அவ்வளவுதானா?

பதில்: இல்லை. போலீசிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது (புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம், பிரிவு 23). ஆபத்து அதன் விதிவிலக்கில் இருக்கிறது: அவன் சொல்லித்தான் கத்தி கிடைத்தது என்று காட்டினால், அந்தக் கண்டெடுப்போடு நேரடியாக ஒட்டிய பகுதி மட்டும் உள்ளே வரும். ஆகவே மகஜரைத்தான், அதாவது பொருளைக் கைப்பற்றியதாகப் போலீஸ் எழுதும் குறிப்பைத்தான், உடைக்க வேண்டும். கத்தி கிடைத்தது எல்லோர் கண்ணிலும் படும் இடமா? போலீசுக்கு முன்பே தெரியுமா? 2024 ஜூலை 1 முதல் சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுப்பது கட்டாயம் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்., பிரிவு 105). எங்கே வீடியோ?

இன்னொன்றும் நம் ஊரில் அடிக்கடி வரும்: குற்றவாளி தானாகவே வி.ஏ.ஓ.விடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டானாம்! முன்பின் தெரியாதவரிடம் ஏன் போனான் என்று கேளுங்கள். அந்த வாக்குமூலத்திலும் எப்.ஐ.ஆரிலும் மாஜிஸ்திரேட் போட்ட தேதியையும் நேரத்தையும் பாருங்கள். தாமதமாகப் போய்ச் சேர்ந்திருந்தால், பிறகு உட்கார்ந்து ஜோடித்து எழுதியதோ என்ற சந்தேகம் வரும்.

கேள்வி: அடையாள அணிவகுப்புக்கு முன்பே சாட்சிக்கு போட்டோ காட்டிவிட்டார்களே?

பதில்: அணிவகுப்பு நடத்தும் மாஜிஸ்திரேட்டிடம் அங்கேயே சொல்லிப் பதிவு செய்யவையுங்கள். பேப்பரில் படம் வந்திருந்தால் அதையும் தாக்கல் செய்யுங்கள். போட்டோவைப் பார்த்த சாட்சிக்கு நினைவில் நிற்பது சம்பவத்தில் கண்ட முகமா, போட்டோவா என்று அவருக்கே தெரியாது.

கேள்வி: வக்கீல் வைக்கக் காசில்லை.

பதில்: இலவச சட்ட உதவி எண் 15100-க்குப் பேசுங்கள், காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு கிடையாது. கொலை வழக்கென்றால் உச்ச நீதிமன்றத்தின் அனோகிலால் தீர்ப்பை (2019) காட்டுங்கள்: ஆயுளோ தூக்கோ விழக்கூடிய வழக்கில் கோர்ட் நியமிக்கும் வக்கீலுக்குத் தயாராகப் பொதுவாகக் குறைந்தது ஏழு நாள் தர வேண்டும்.

கேள்வி: விடுதலையானால் இழப்பீடு உண்டா?

பதில்: காரணமில்லாமல் கைதுசெய்ய வைத்தவரிடம் பி.என்.எஸ்.எஸ். 399-ன்படி அதிகபட்சம் 1,000 ரூபாய். சிரிக்காதீர்கள், சட்டத்தில் உள்ள தொகை அதுதான். 2018-ல் சட்ட ஆணையம் தன் 277-வது அறிக்கையில் இப்படிப் பொய் வழக்கில் சிக்கியவர்களுக்கு இழப்பீடு தரத் தனிச் சட்ட ஏற்பாடு கேட்டது. புதிய சட்டத்திலும் அது வரவில்லை. பெரிய தொகை வேண்டுமானால் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் என்று ரிட் மனுப் போட வேண்டும்.